முப்பத்தாறும் இருபத்துநான்கும்

எஸ். வெங்கட்ராகவன் 57 டெஸ்ட் ஆடி 156 விக்கெட் எடுத்தார். ஒரு விக்கெட்டுக்கு அவர் கொடுத்த விலை 36.11 ரன். ஆர். அஸ்வின் 106 டெஸ்டில் 537 விக்கெட், விலை 24 ரன். இருவரும் சென்னைக்காரர்கள். இருவரும் ஆஃப் ஸ்பின் போட்டவர்கள். இருவரும் இன்ஜினியரிங் படித்தவர்கள், ஒருவர் கிண்டியில், மற்றவர் எஸ்.எஸ்.என். கல்லூரியில். எங்கள் குயிலாப்பாளையத்தில் ஞாயிற்றுக்கிழமை டென்னிஸ் பந்து மேட்ச் முடிந்ததும் முந்திரித் தோப்பு ஓரமாக உட்கார்ந்து பேசும் பையன்கள், இந்த இரண்டு எண்களையும் செல்போனில் காட்டி வழக்கை முடித்துவிடுகிறார்கள். "மாமா, 24 எங்க, 36 எங்க? இதுல பேச என்னா இருக்கு?"

பேச நிறைய இருக்கிறது. சுற்றுவட்டார டோர்னமென்ட்களில் ஸ்கோர் எழுதியே வயதானவன் நான். எண்ணை மதிக்கிறவன் என்பதால்தான் அதை இப்படி அவசரமாகக் கையாளும்போது எனக்கு மனசு ஒப்பவில்லை.

என் அப்பா மரக்காணத்தில் ஓர் உப்பளத்தில் கணக்கு எழுதினார். அவருடைய பேரேட்டில் ஒரு பத்தியில் பாத்தி எண், அடுத்ததில் அன்றைக்கு வாரிய உப்பு இத்தனை மூட்டை என்று இருக்கும். ஓரத்தில் பென்சிலால் பொடி எழுத்தில் மழை பெய்த தேதிகளைக் குறித்து வைத்திருப்பார். சித்திரையில் ஒரு நாள் கோடை மழை கொட்டினால் விளைந்து நின்ற உப்பு கரைந்து போகும், பாத்தியைத் திரும்பவும் மிதித்துச் சமப்படுத்தித் தண்ணீர் கட்ட வேண்டும். வடகிழக்குப் பருவமழை தள்ளிப்போன வருஷத்தில் கூடுதலாகச் சில வாரம் வாரலாம். ஒரே பாத்தி, வாருகிற ஆளும் அதே ஆள், மூட்டை மட்டும் வருஷத்துக்கு வருஷம் மாறும். "எத்தினி மூட்டைனு கேக்கறதுக்கு முன்னாடி எந்த வருஷம்னு கேளு" என்பார். பந்துவீச்சுக் கணக்கைப் படிக்க நான் கற்றது அந்தப் பென்சில் குறிப்பிலிருந்துதான்.

ஆகவே முதலில் காலத்தைக் கேட்போம். வெங்கட் டெஸ்டில் இறங்கியது 1965 பிப்ரவரியில், சென்னை கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில், நியூசிலாந்துக்கு எதிராக. அதற்குப் பதின்மூன்று மாதம் முன்பு அதே மைதானத்தில் பாபு நட்கர்னி இங்கிலாந்துக்கு எதிராகப் போட்ட பந்துவீச்சு 32-27-5-0. முப்பத்திரண்டு ஓவர், இருபத்தேழு மெய்டன், ஐந்தே ரன். ஸ்கோர் புக்கில் பவுலருக்கு ஓர் ஓவருக்கு ஒரு கட்டம் உண்டு. ரன் இல்லாத பந்துக்கு ஒரு புள்ளி வைப்போம். ஆறு புள்ளியும் விழுந்தால் அவற்றைக் கோட்டால் சேர்த்து 'எம்' என்று வரைவோம். நட்கர்னி அன்று தொடர்ந்து 131 பந்து ரன் கொடுக்காமல் போட்டார், அடுத்தடுத்து 21 மெய்டன். அந்த ஸ்கோர் புக்கை எழுதியவரின் பக்கத்தை நினைத்துப் பார்க்கிறேன், ஒரு வரி முழுக்க 'எம்' 'எம்' என்று ஓடியிருக்கும். விக்கெட் கட்டத்திலோ சுழி. அந்தத் தொடரின் ஐந்து டெஸ்டும் டிராவில் முடிந்தன. ரன் எடுக்க அவசரப்படாத பேட்ஸ்மேனிடம் ஸ்பின்னர் விக்கெட் வாங்குவது எத்தனை கஷ்டம் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. முன்னே வந்து அடிக்கப் பார்க்கிறவன்தான் தவறு செய்வான். காலை நீட்டி பேடால் தடுத்துக்கொண்டே இருப்பவனை அவுட்டாக்க எல்.பி.டபிள்யூ. ஒன்றுதான் வழி. அந்நாள் அம்பயர்கள் முன்காலில் ஆடியவனுக்கு விரலை எளிதில் உயர்த்த மாட்டார்கள்.

வெங்கட்டின் முதல் தொடரே அபாரம். டெல்லி டெஸ்டில் முதல் இன்னிங்ஸில் 72 ரன்னுக்கு 8, இரண்டாவதில் 80க்கு 4. அப்போது அவருக்கு இருபது வயதுகூட நிறையவில்லை. அந்தத் தொடரோடு அவர் இடம் உறுதியாகிவிட்டது என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள். ஆனால் மைசூரிலிருந்து இன்னோர் இன்ஜினியர், எரப்பள்ளி பிரசன்னா, படிப்புக்காக டெஸ்டை விட்டுப் போயிருந்தவர், 1967இல் திரும்பி வந்தார். ஒரு டீமில் இரண்டு ஆஃப் ஸ்பின்னருக்கு எத்தனை நாள் இடம் இருக்கும்? பேடி, சந்திரசேகர், பிரசன்னா, வெங்கட் என்று நால்வரையும் ஒரே மூச்சில் சொல்லிப் பழகிவிட்டோம். நால்வரும் சேர்ந்து ஆடிய டெஸ்ட் ஒன்றே ஒன்று, 1967 பர்மிங்காம். மற்ற நேரமெல்லாம் நால்வரில் ஒருவர் வெளியே. பல சமயம் அந்த ஒருவர் வெங்கட்.

1971இல் அவர் துணைக் கேப்டன். வெஸ்ட் இண்டீஸில் இந்தியா முதன்முதலாகத் தொடரை வென்ற அந்தப் பயணத்தில் இந்திய பவுலர்களிலேயே அதிக விக்கெட் எடுத்தவர் அவர்தான், 22. கவாஸ்கரின் ரன் மழை பற்றிப் பேசிப் பேசி அந்த 22ஐ நாடு மறந்துவிட்டது. 1974 டிசம்பரில் டெல்லி டெஸ்டுக்கு அவரே கேப்டன். அடுத்த கல்கத்தா டெஸ்டில் அவர் பன்னிரண்டாவது ஆள், தண்ணீர் கொண்டு போகிற இடம்! ஒரு டெஸ்டுக்கும் அடுத்த டெஸ்டுக்கும் நடுவில் கேப்டன் பதவியும் போய் பதினொருவரில் இடமும் போனது. இதை எந்தச் சராசரியில் கொண்டுவந்து சேர்ப்பது? ஓவர் இருக்கிறது, ரன் இருக்கிறது, விக்கெட் இருக்கிறது, அடுத்த மேட்சில் நாம் இருப்போமா என்று தெரியாமல் பந்து போட்டதற்குக் கட்டம் இல்லை.

இந்த மாதிரி வழக்கு நமக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்கர்கள் ஆடும் கால்பந்தில் குவார்ட்டர்பேக் என்று ஒருவர் உண்டு. தாக்குதலை நடத்துவதும் பந்தை எறிந்து கொடுப்பதும் அவர் வேலை. ஜானி யூனிட்டஸ் 1956 முதல் 1973 வரை ஆடி 40,239 கெஜம் எறிந்தார். நம் காலத்து டாம் பிராடியின் கணக்கு 89,214. பிராடி யூனிட்டஸைப் போல இரண்டு மடங்கு ஆட்டக்காரர் என்று விஷயம் தெரிந்த எவரும் அங்கே சொல்வதில்லை. யூனிட்டஸ் தொடங்கியபோது ஒரு பருவத்துக்கு 12 ஆட்டம், பிறகு 14 ஆனது, 1978இல் 16, 2021இல் 17. அதே 1978இல் விதியையும் மாற்றினார்கள். பந்தைப் பிடிக்க ஓடுபவரை எதிராளி இடித்துத் தள்ளுவதற்குக் கட்டுப்பாடு வந்தது, எறிவது சுலபமானது. அதனால் அங்குள்ள கணக்காளர்கள் ஒரு வழி கண்டார்கள். அந்தந்த ஆண்டில் எல்லோருடைய சராசரியையும் 100 என்று வைத்துக்கொண்டு, இவர் அதற்கு எவ்வளவு மேலே, எவ்வளவு கீழே என்று பார்ப்பது. ஆளை ஆளோடு ஒப்பிடுவதற்கு முன்பு அவனவன் காலத்தோடு ஒப்பிடுவது. நல்ல முறை அது.

அதையே நம் வழக்குக்கும் போட்டுப் பார்த்தேன். பேடி 266 விக்கெட், 28.71. சந்திரசேகர் 242, 29.74. பிரசன்னா 189, 30.38. மூவர் கொடுத்த ரன்னையும் கூட்டி மூவர் எடுத்த விக்கெட்டால் வகுத்தால் 29.5 வருகிறது. வெங்கட் 36.11. அதாவது தன் கூட்டாளிகளைவிட நூற்றுக்கு 22 பங்கு கூடுதல் விலைக்கு விக்கெட் வாங்கியிருக்கிறார். அஸ்வினுக்கும் இவருக்கும் உள்ள இடைவெளி 12 ரன். மூன்று கூட்டாளிகளும் தரத்தில் அஸ்வினுக்குச் சமம் என்று வைத்துக்கொண்டால், 24க்கும் 29.5க்கும் நடுவில் உள்ள ஐந்தரை ரன் காலத்தின் கணக்கு. மிச்சம் ஆறரை ரன் ஆளின் கணக்கு. வெங்கட் மேல் எனக்குள்ள பிரியம் ஊரறிந்தது. ஆனாலும் அந்த ஆறரையை என்னால் மழையின் மேல் போட முடியாது. அவர் பந்தைக் காற்றில் மிதக்க விடாமல், தாழ்வாக, கணக்காக, ஒரே இடத்தில் போட்டவர். ஓவருக்கு 2.27 ரன்தான் கொடுத்தார். பேட்ஸ்மேனை அடக்கி வைத்தார். ஏமாற்றுவதில் பிரசன்னா அவரைவிடப் பெரிய ஆள்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது, இது போட்டுப் பார்த்ததும் எனக்கே வியப்பாக இருந்தது. வெங்கட் டெஸ்டில் போட்டது 14,877 பந்து, அஸ்வின் 27,246. ஆடிய டெஸ்டால் வகுத்தால் வெங்கட்டுக்கு டெஸ்டுக்கு நாற்பத்து மூன்றரை ஓவர், அஸ்வினுக்கு நாற்பத்து மூன்றுக்குச் சற்றுக் குறைவு. உழைப்பு ஒன்றேதான்! அதே உழைப்பில் வெங்கட்டுக்கு டெஸ்டுக்கு 2.7 விக்கெட், அஸ்வினுக்கு 5. ஓவருக்கு ரன் கொடுத்ததில் அஸ்வின்தான் தாராளம், 2.84. ஆனால் 51 பந்துக்கு ஒரு விக்கெட் விழுந்தது. வெங்கட்டுக்கு 95 பந்து ஆனது. நான் எழுதிய மேட்ச்களிலும் இதைக் கண்டிருக்கிறேன். ரன் எடுக்கத் துடிக்கும் டீமுக்குப் போடுகிற பவுலரின் வரியில் நான்கும் ஆறும் கிடக்கும், பக்கத்திலேயே விக்கெட்டும் கிடக்கும்.

அஸ்வினுக்குக் காலம் கொடுத்தது என்ன? 2016 நவம்பரில் இங்கிலாந்துத் தொடரிலிருந்து இந்தியா டி.ஆர்.எஸ். என்னும் மறுபரிசீலனை முறையை ஏற்றது. முன்காலில் பேடை நீட்டினால் தப்பலாம் என்ற பழைய தைரியம் போயிற்று. பந்து ஸ்டம்பைத் தொடுமா என்று திரையில் தெரிந்துவிடுகிறது. மறுமுனையில் பும்ரா, ஷமி, இஷாந்த் என்று நிஜமான வேகப்பந்து வீச்சாளர்கள் இருந்தார்கள். வெங்கட் காலத்தில் புதுப் பந்தின் பளபளப்பைத் தேய்க்க கவாஸ்கரையே இரண்டு ஓவர் போடச் சொன்னது உண்டு. அதன் பிறகு நாள் முழுக்க ஸ்பின்தான். உள்ளூர் ஆடுகளங்களும் அஸ்வினுக்கு உதவின. இந்தியாவில் 65 டெஸ்டில் 383 விக்கெட், 21.57. வெளிநாட்டில் 154 விக்கெட், ஏறக்குறைய 30. இதே ஆடுகளங்களில் போட்ட ஜடேஜாவின் சராசரியும் அஸ்வினுடையதை ஒட்டியே வருகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆனால் இதே காலத்தில் உலகின் இன்னொரு பெரிய ஆஃப் ஸ்பின்னரான நேதன் லயனுக்கு விக்கெட் விலை 30ஐ ஒட்டி. வெங்கட் காலத்தில் லான்ஸ் கிப்ஸ் 309 விக்கெட்டை 29.09க்கு எடுத்தார். அப்படிப் பார்த்தால் அஸ்வின் தன் காலத்து ஆஃப் ஸ்பின்னர்களுக்கு மேலே நிற்கிறார், வெங்கட் தன் காலத்து கிப்ஸுக்குக் கீழே நிற்கிறார். ஆக, அஸ்வின்தான் பெரிய பவுலர். இதைச் சொல்வதில் எனக்குத் தயக்கமே இல்லை. தப்பு, 36ஐயும் 24ஐயும் அருகருகே வைத்துவிட்டு அதோடு எழுந்து போவதுதான்.

அஸ்வினையும் வெளியே உட்கார வைத்தார்கள். 2021இல் இங்கிலாந்தில் நடந்த நான்கு டெஸ்டிலும் அவர் இல்லை. 2023இல் ஓவலில் நடந்த உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதியிலும் இல்லை. ஆடாத டெஸ்ட் சராசரியைக் கெடுக்காது, அந்த வகையில் அவர் எண்ணுக்கு அது லாபம். ஆனால் அந்த ஐந்தில் அவர் என்ன செய்திருப்பார் என்று கேட்கிறவனுக்குப் பதில் சொல்ல எண் கிடையாது.

எங்கள் பையன்களுக்கு அஸ்வினோடு ஒரு சொந்தம் உண்டு. விரலை மடக்கிச் சொடுக்கி அவர் விடும் பந்தை அவர் கற்றது சென்னைத் தெருவில், டென்னிஸ் பந்து ஆட்டத்தில். இங்கே செம்மண் தரையில் ஞாயிறுதோறும் அதைப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். கட்டை விரலுக்கும் நடு விரலுக்கும் நடுவில் பந்தைப் பிடித்துக் கேரம் காயைச் சுண்டுவதுபோல் சுண்டுவார்கள். டென்னிஸ் பந்து லேசானது, பிடித்துத் திரும்பும். தோல் பந்தில் அதையே செய்து டெஸ்ட் பேட்ஸ்மேனை ஏமாற்ற எத்தனை வருஷப் பயிற்சி தேவை என்று அவர்களுக்கு நன்றாகவே தெரியும். அதனால்தான் அவரை அப்படித் தாங்குகிறார்கள். நான் சொல்வது, வெங்கட்டைத் தாங்க ஆளில்லாமல் போனது அவர் குறையால் மட்டும் அல்ல என்பதுதான். அவரைக் கண்ணால் கண்டவர்கள் குறைவு. எங்கள் பக்கத்தில் ரேடியோதான். அப்துல் ஜப்பார் தமிழில் வர்ணனை சொல்லும்போது டீக்கடை பெஞ்சில் இடம் கிடைக்காது. அதற்குள் வெங்கட்டின் நாட்கள் முடியும் தறுவாயில் இருந்தன. 1983இல் கடைசி டெஸ்ட். பிறகு அம்பயராகி 73 டெஸ்டுக்கு நின்றார். மட்டையில் பட்டதா பேடில் பட்டதா என்று திரையின் துணையில்லாமல் கண்ணாலும் காதாலும் தீர்ப்புச் சொன்ன கடைசித் தலைமுறையில் அவரும் ஒருவர்.

டெஸ்டை விட்டு ரஞ்சிக்கு வந்தால் வெங்கட்டின் எண் நிமிர்ந்து உட்காருகிறது. ரஞ்சியில் 530 விக்கெட். கவுண்டி உள்பட எல்லா முதல்தர ஆட்டமும் சேர்த்து 1,390 விக்கெட், 24.14 சராசரிக்கு. ஆனால் இங்கேயும் காலத்தைக் கேட்டாக வேண்டும். அந்நாள் ரஞ்சி மண்டல வாரியாக நடந்தது. தமிழ்நாட்டுக்கு விஸ்வநாத் ஆடிய கர்நாடகமும் உண்டு, அப்போது மெலிந்திருந்த கேரளமும் ஆந்திரமும் உண்டு. 530இல் எது எங்கிருந்து வந்தது என்று பிரித்துப் பார்க்காமல் அதைத் தூக்கிப் பிடிப்பதும், 36.11ஐ வைத்து அவரைத் தள்ளுவதும் ஒரே மாதிரித் தவறு.

இதற்குப் பக்கத்து ஊரிலேயே உதாரணம் கிடைத்தது. பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரியில் கால்பந்தும், பெத்தாங் என்னும் இரும்புக் குண்டு எறியும் விளையாட்டும்தான் ஆட்டம். கிரிக்கெட் அங்கே ரஞ்சி வரை போனது 2018-19இல். அந்தப் பருவத்தில் சேர்ந்த ஒன்பது டீம்களையும் ஒரே பிரிவில் போட்டார்கள். அந்தப் பிரிவில் பீகாரின் அஷுதோஷ் அமன் ஒரே பருவத்தில் 68 விக்கெட் எடுத்தார். 1974-75இல் பேடி எடுத்த 64தான் அதுவரை சாதனை. நாற்பத்து நான்கு வருஷம் நின்ற எண் போய்விட்டது. அமன் உழைத்துப் பெற்றது அது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் முதன்முதலாக ரஞ்சி ஆடும் டீம்களிடம் எடுத்த 68ஐயும், டெல்லிக்காக வடக்கு மண்டலத்திலும் அதற்கு அப்பாலும் பேடி எடுத்த 64ஐயும் ஒரே தராசில் வைக்க எனக்குக் கை வராது. 2024-25இல் விதர்பாவின் ஹர்ஷ் துபே 69 எடுத்து அமனையும் தாண்டினார். விதர்பா அந்த வருஷம் கோப்பையையும் வென்றது. பெரிய டீம்களுக்கு எதிராக எடுத்தது என்பதால் அந்த 69 என் கணக்கில் கூடுதல் எடை உள்ளது.

இதுவரை சொன்னவர்களுக்கெல்லாம் ஒப்பிட எண்ணாவது இருக்கிறது. எனக்குத் தாங்க முடியாதது டெஸ்டில் எண்ணே கிடைக்காமல் போனவர்களின் கதை. 1972-73 ரஞ்சி இறுதி ஆட்டம் சேப்பாக்கத்தில். பம்பாய் 151, தமிழ்நாடு 80. பம்பாய் 113, தமிழ்நாடு 61. மூன்றாம் நாள் முதல் பந்திலேயே ஆட்டம் முடிந்தது. பத்மாகர் ஷிவால்கர் 16 ரன்னுக்கு 8, 18 ரன்னுக்கு 5. முதல்தர ஆட்டத்தில் 589 விக்கெட் எடுத்த ஷிவால்கர் ஒரு டெஸ்டும் ஆடவில்லை. ஹரியானாவின் ராஜிந்தர் கோயல் 750 எடுத்தார், அவரும் ஆடவில்லை. இருவரும் இடக்கை ஸ்பின், பேடி இருந்த காலம். பேடிக்குப் பத்து வருஷம் முன்போ பின்போ பிறந்திருந்தால் அவர்கள் பெயருக்கு எதிரே என்ன சராசரி இருந்திருக்கும்?

நம் வி.வி. குமாருக்கு அந்த அளவுக்கு மோசமில்லை, இரண்டு டெஸ்ட் கிடைத்தது. 1961 பிப்ரவரியில் டெல்லியில் பாகிஸ்தானுக்கு எதிராக முதல் இன்னிங்ஸிலேயே 64 ரன்னுக்கு 5, அடுத்ததில் 2. அதே வருஷம் பம்பாயில் இங்கிலாந்துக்கு எதிராக விக்கெட் இல்லை. அவ்வளவுதான், கதவு மூடியது. முதல்தர ஆட்டத்தில் அவர் லெக் ஸ்பின்னில் எடுத்தது 599, சராசரி இருபதுக்கும் கீழே. இரண்டு டெஸ்டை வைத்து அவரை அளப்பது அளவே ஆகாது.

இன்னும் பின்னால் போனால் ஏ.ஜி. ராம்சிங். 1934 நவம்பர் 4, ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம், சேப்பாக்கத்தில் மெட்ராஸும் மைசூரும். முதல் ஓவரைப் போட்டவர் எம்.ஜே. கோபாலன். மைசூர் 48, மெட்ராஸ் 130, மைசூர் 59. ஒரே நாளில் ஆட்டம் முடிந்தது. ராம்சிங் இடக்கை ஸ்பின்னில் 35 ரன் கொடுத்து 11 விக்கெட். அவர் மகன்கள் கிருபால் சிங்கும் மில்கா சிங்கும் டெஸ்ட் ஆடினார்கள், தகப்பனுக்கு அது வாய்க்கவில்லை. 1932 தொடங்கி 1936 வரை இந்தியா ஆடிய டெஸ்டே ஏழு. பிறகு போர் வந்தது, 1946 வரை ஒன்றும் இல்லை. அவருடைய நல்ல வருஷங்கள் அதற்குள் போய்விட்டன. அவரை அஸ்வினோடு ஒப்பிட எந்தக் கணக்கும் உதவாது. ஆனால் மெட்ராஸ் ஸ்பின்னின் வரிசையை எழுதச் சொன்னால் நான் முதலில் எழுதும் பெயர் ராம்சிங், அடுத்து குமார், அதற்குப் பிறகு வெங்கட், அதற்கும் பிறகு அஸ்வின். பையன்கள் அஸ்வினிலிருந்து தொடங்கட்டும், முதல் பெயர் வரை போய்ப் படிக்கட்டும்.